தோய்ச்ச சீலை

இந்த மாதம் வாசித்த மூன்றாவது யுத்த நாவல் இது. மூன்றிலும் பங்கர்க் குழிக்குள் பதுங்கி இருப்பவர்கள் அழுகிறார்கள், இல்லாவிட்டால் வீரவசனம் பேசுகிறார்கள். எரிச்சலில் புத்தகத்தை மூடினேன். வெளியே மழை தொடங்கி, ஈரமண் மணத்தது.

அதே மணம்தான் கண்டாவளையில் எங்கள் வீட்டுப் பங்கருக்குள்ளும். அப்போது எனக்கு எட்டு வயது. மேலே ஷெல் கூவிப் போகுது, அம்மா அப்பாவைப் பிடித்துத் தள்ளுறா.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ! தோய்ச்ச சீலைக்கு மேல இருக்கிறியள்!"

"எங்கையப்பா எழும்புறது? தலை இடிக்கும்."

அக்காவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

நாவலைத் தந்த சிநேகிதி போனில் கேட்டாள், "வாசிச்சு அழுதனியோ?"

"அழேல்லை. எழுதினவரைக் கண்டால் கேள், சிரிச்ச எங்களை ஏன் பங்கருக்கு வெளியில விட்டவர் எண்டு."