துருக்கி டோனர் வண்டியும் என் கையெழுத்தும்

2008-ஆம் வருடம், கார்த்திகை மாதம். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வாகன உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் டிரெய்னியாக இருந்தேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். செகண்ட் ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டும்போது மணி பதினொன்றரை ஆகிவிடும். மெஸ்ஸெல்லாம் மூடியிருக்கும். ஓசூர்க் குளிர் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம் பிடுங்கித் தின்னும்.

அந்த நேரத்தில் கேட்டுக்கு எதிரே ஒரே ஒரு தள்ளுவண்டியில் வெளிச்சம் தெரியும். நெட்டுக்குத்தாக நிற்கும் கம்பியில் அடுக்கடுக்காகக் கோழிக்கறி, பக்கத்தில் சிவப்பாக எரியும் கேஸ் அடுப்பு. கம்பி சுற்றச் சுற்ற வரும் வாசனை இருக்கிறதே, அப்பப்பா! ரூமுக்குப் போகிறவனையும் கையைப் பிடித்து இழுத்துவிடும். நாங்கள் எல்லாரும் அதை ஷவர்மா என்போம். வண்டிக்கார அண்ணனுக்கு மட்டும் மூக்குமேல் கோபம் வரும். போர்டில் ‘துருக்கி டோனர்’ என்றுதான் எழுதி வைத்திருந்தார்.

அவருக்கு கிருஷ்ணகிரி பக்கம் நாகரசம்பட்டி. வளைகுடா நாட்டில் ஒரு துருக்கிக்காரர் கடையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அந்த மிஷினையும் கூடவே கொண்டுவந்திருந்தார். கறியைச் சீவிக்கொண்டே கதை சொல்வார்.

“முந்தியெல்லாம் கம்பியப் படுக்க வெச்சிதான் சுட்டாங்களாம் தம்பி. கொழுப்பெல்லாம் நெருப்புல ஒழுகி வீணாப் போயிருக்குது. எவனோ ஒரு புண்ணியவான் கம்பிய நிமுத்தி வெச்சான். கொழுப்பு கறி மேலயே எறங்குச்சி. அப்புறம் துருக்கிக்காரங்க ஜெர்மனிக்குப் பொழைக்கப் போனாங்க. ராத்திரி ஷிப்டு முடிச்சி வர்றவனுக்குத் தட்டு ஏது, மேசை ஏது? ரொட்டிக்குள்ள வெச்சிக் குடுத்துட்டாங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே வந்த தீனி இது.”

எங்கள மாதிரி ஆளுங்க! கம்பெனியில் நான் வெறும் டோக்கன் நம்பர். எனக்கு வெங்காயம் ஆகாது, பூண்டுச் சாந்து கூட வேண்டும் என்று அந்த ஊரில் தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு பேர் வாந்தி, பேதி என்று வேலைக்கு வரவில்லை. லைன் நின்றுவிட்டது. அந்த வாரம்தான் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வருகிறார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒய்-ஒய் ஷீட்டை நீட்டினார். எங்கள் வேலையில் அது ஒரு வழக்கம். எந்தக் குறை வந்தாலும் ‘ஏன், ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு, மூல காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத விதி ஒன்றும் உண்டு. மூல காரணம் காம்பவுண்டு சுவருக்குள் இருக்கக் கூடாது. சப்ளையர் தலையில் கட்டிவிட வேண்டும்.

“வெளிய கண்டதைத் தின்னாங்கன்னு முடிச்சிடுப்பா. உனக்கு ஜனவரியில கன்ஃபர்மேஷன் இருக்குதில்ல?” என்றார் மேனேஜர்.

நான் முடித்தேன். பதினோரு பேரில் இரண்டு பேர் காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள். வண்டிக்காரரைப் பார்த்ததுகூடக் கிடையாது. இன்னொருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறி பக்கமே போகமாட்டார். இந்த மூன்று பேரும் கேன்டீனில் சாப்பிட்டவர்கள். மூவரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு எட்டு என்று எழுதினேன். முதல் நாள் இரவு நானும் அந்த வண்டியில் இரண்டு டோனர் தின்று கல்லுக்குண்டு போல இருந்தேன். வேலை நெருக்கடியில் அன்று கேன்டீன் பக்கம் மட்டும் போகவில்லை. அதையும் எழுதவில்லை. மூல காரணம்: கேட்டுக்கு எதிரே உள்ள தள்ளுவண்டி. கீழே என் கையெழுத்து.

அந்த ஷீட்டோடு கம்பெனி சுகாதாரத் துறைக்குப் புகார் கொடுத்தது. மறுநாள் மாலை வண்டியை எடுக்க அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். கறி மேல் பினாயிலை ஊற்றினார்கள். அண்ணன் மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “கறிய எடுத்துக்குங்க சார், மிஷின விட்ருங்க” என்று கெஞ்சினார். கேட்டில் கூட்டம் கூடிவிட்டது. அதில் என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

“தம்பி, நீங்க சொல்லுங்க. திங்கக்கெழம நீங்களுந்தான சாப்புட்டீங்க? உங்களுக்கு எதாச்சும் ஆச்சா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செக்யூரிட்டி அறை வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

“தெரியலண்ணே” என்றேன்.

எனக்கு ஆனதா இல்லையா என்று எனக்கே தெரியாதாம்! எவ்வளவு கேவலமான பதில். மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த வாரமும் இன்னும் ஆறு பேர் படுத்தார்கள். கேன்டீன் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாய் உடைந்து அதில் சாக்கடை கலந்திருந்தது. ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லாமல் குழாயை மாற்றித் தொட்டியைக் கழுவினார்கள். அதற்கு யாரும் ஷீட் எழுதவில்லை. ஜனவரியில் எனக்கு வேலை நிரந்தரமானது. வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

ஆனாலும் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. மாங்காய் சீசனில் ஒரு நாள் லீவு போட்டு நாகரசம்பட்டிக்குப் போனேன். விசாரித்ததில், ஒரு தோப்பில் லாரிக்கு மாங்காய்க் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க தம்பி, சாப்புட்டீங்களா?” என்றார். அது இன்னும் குத்தியது.

தொட்டி விஷயம், மாலை போட்டவர் விஷயம், என் கையெழுத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, “என்னை மன்னிச்சிருங்கண்ணே” என்றேன். அழுதும் விட்டேன்.

அவர் திட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத அப்பிடியே எழுதிக் குடுப்பீங்களா தம்பி?” என்று கேட்டார். “கறியில தப்பில்லன்னு கம்பெனி ஆளு ஒருத்தர் எழுதிக் குடுத்தா மிஷினத் திருப்பித் தர்றேன்னு சுகாதார ஆபீசுல சொல்றாங்க. நாலஞ்சி தபா நடந்துட்டேன்.”

வேலை போய்விடுமே என்ற நினைப்புதான் முதலில் வந்தது. கல்யாணத்துக்குக் காத்திருந்த தங்கை, ஊரில் கடன், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

“சரி, உடுங்க. நாலு மணிக்கு கிருஷ்ணகிரி பஸ்ஸு இருக்குது. அத உட்டா லேட்டாயிரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையைத் தூக்கத் தோளைக் கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்க ஊர் தேடிப் போனவன் என்று என்னைப் பற்றி நானே ரொம்ப நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனப்பாரத்தை அவர் தலையில் இறக்கிவைக்கத்தான் அவ்வளவு தூரம் போனேன், அவர் கேட்ட ஒரே ஒரு காகிதத்தை இன்றுவரை கொடுக்கவில்லை.