மாப்பிள்ளை வராத கால்

அந்த வீட்டில் கவுட் நோய்க்கு மாப்பிள்ளை என்று பெயர். பெயர் வைத்தவள் வீட்டுக்காரி. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும், வந்துவிட்டால் வீடே அதைச் சுற்றி ஓட வேண்டும், எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. வேறு என்ன பெயர் வைப்பதாம்? மகளுக்குக் கல்யாணமாகி நிஜ மாப்பிள்ளை வந்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தப் பையனைத் தம்பி என்று கூப்பிட்டுச் சமாளித்தார்கள். நோயின் பெயரை மாற்றவில்லை, அது சீனியர்.

மாப்பிள்ளை வந்து இறங்குவது வீட்டுக்காரரின் இடது கால் கட்டைவிரலில். பதினெட்டு வருஷமாக அந்த ஒரே இடம்தான். ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறி மூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரல் சிவந்து வீங்கிவிடும். போர்வை உரசினாலே உயிர் போகும். அவள் ஒரு சலவைக் கடையின் முன்பக்கத்தில் தையல் மிஷின் போட்டிருப்பவள். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பை விரிப்பது எல்லாம் அவள் வேலை. கடையில் மிஞ்சும் சட்டை அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தை வெட்டி, அவர் பாதத்தின் மேல் கவிழ்த்து வைப்பாள். போர்வை பெட்டி மேல் கிடக்கும், விரல் உள்ளே தூங்கும்.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தேழு வயசு. அதன் பிறகு ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேனை ஓட்டப் போனார். தங்கமான மனுஷன்தான், ஆனால் ஈரல், இறால், பீர் என்ற மூன்று மட்டும் கண்ணில் பட்டால் வாக்குத் தவறிவிடுவார். மாப்பிள்ளையை அழைத்து வருவதும் அந்த மூன்றுதான். அதனால் வீட்டில் அவள் போலீஸ், அவர் நிரந்தரக் குற்றவாளி. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் பாதி விசாரணையிலேயே போயிற்று. இருவருக்கும் அதில் ஒரு ருசி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷத் தொடக்கத்தில் அவர் நடை மெதுவானது. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் ஐந்து நிமிஷ தூரம், அவருக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“என்னங்க, மாப்பிள்ளை வந்திருக்காரா?”

“லேசா.”

“லேசான்னா? என்ன தின்னீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஈரல். ரெண்டே ரெண்டு துண்டு.”

மூன்று நாள் திட்டினாள். பதினைந்து நாள் கழித்து மறுபடி நடை மெதுவானது. கேட்டதற்கு, கம்பெனியில் ஒருவருக்கு வழியனுப்பு விருந்து, இறால் வைத்தார்கள் என்றார். அதற்கடுத்த மாதம் பீர். கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தும் இந்த மனுஷன் எங்கே போய்த் தின்கிறார் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. சட்டையை முகர்ந்து பார்த்தாள், சோப்பு வாசனைதான் வந்தது. முன்பெல்லாம் ஒப்புக்கொள்ள வைப்பதற்கு ஒரு வாரம் பிடிக்கும். இப்போது கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொள்கிறார். நம் விசாரணை அவ்வளவு கெட்டிப்பட்டுவிட்டது என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள். விரல் அவ்வளவாகச் சிவக்கவில்லையே என்று ஒரு நாள் தோன்றியது. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வழக்கமான டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவரும் பதினெட்டு வருஷப் பழக்கத்தில் நேரே இடது கட்டைவிரலைத்தான் அழுத்திப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். யூரிக் ஆசிட் அளவு, இருக்க வேண்டிய இடத்தில் சமர்த்தாக இருந்தது.

“எப்படி டாக்டர் இது? ஈரல், இறால், பீர்னு ஒண்ணு விடல. இவ்வளவு நல்லா வந்திருக்கு? லேப்ல தப்பு பண்ணியிருப்பாங்க” என்றாள். வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி அசைந்து ஆறு மாதம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை அவருடைய வேலைப் பேன்ட்டில் பட்டன் ஒன்று தொங்குகிறது என்று அவள் அதைக் கடைக்கு எடுத்துப் போனாள். பட்டனைத் தைத்து முடித்து, மடிக்கப் போனபோது கீழ்மடிப்பு கண்ணில் பட்டது. வலது கால் மடிப்பின் முன்பக்கம் நைந்து நூல் நூலாகப் பிரிந்திருந்தது. இடது கால் மடிப்பு புதுசு மாதிரி இருந்தது.

முப்பது வருஷம் ஊர் பேன்ட்டையெல்லாம் மடித்துத் தைத்தவளுக்கு மடிப்பு பேசும். குதிகாலை மிதித்து நடப்பவருக்குப் பின்பக்கம் நையும். காலை இழுத்து நடப்பவருக்கு முன்பக்கம் நையும். இவர் காலை இழுக்கிறார், அது தெரிந்ததுதான். ஆனால் மாப்பிள்ளை வருவது இடது கால். வலது காலை எதற்கு இழுக்க வேண்டும்?

மிஷினை அப்படியே விட்டுவிட்டு அன்று சாயங்காலம் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். அவர் வேலை முடிந்து அந்தத் தெரு வழியாகத்தான் வருவார். வந்தார். இடது கால் ஒரு குறையும் இல்லாமல் எட்டு வைத்தது. வலது கால் தரையை விடாமல் பின்னால் வந்தது. இடது கை முன்னும் பின்னும் வீசியது, வலது கை அசையவில்லை. தைத்து ஒட்டின கை மாதிரி உடம்போடு கிடந்தது.

அந்தக் கையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அவருடைய அண்ணனுக்கு நடுக்குவாதம் வந்தபோது முதலில் கை வீசாமல்தான் போயிற்று. நடுக்கம் பிறகுதான் வந்தது. கடைசி நாலு வருஷம் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் சவரம் செய்துவிட்டது இவர்தான். அந்த நோயின் படிகளெல்லாம் இவருக்கு மனப்பாடம். இவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பேன்ட்டை மேஜையில் விரித்து வைத்தாள்.

“எந்தக் கால் வலிக்குது?”

அவர் கை பழக்கத்தில் இடது காலைக் காட்டியது. பிறகு மேஜையில் கிடந்ததைப் பார்த்தார். நாற்காலியை மெதுவாக இழுத்து உட்கார்ந்தார்.

“வலிக்கலம்மா. வலிச்சாத்தான் பரவாயில்லையே. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.”

“வேன் ஓட்டறீங்களே!”

“ஓட்டல. நாலு மாசமாச்சு. ஒரு நாள் சிக்னல்ல பிரேக் மேல கால் லேட்டாத்தான் போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னிக்கே சாவியக் குடுத்துட்டேன். விரல் வலின்னு சொல்லி பேக்கிங்ல உக்காந்திருக்கேன்.”

அவளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நாலு மாதம் ரொட்டிக்கு உறை போட்டுவிட்டு, டிரைவராகவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மனுஷனைப் பார்த்து அழுகைதான் வந்தது. அவர் எதிரில் அழக் கூடாது என்று சமையலறைக்குப் போய் அழுதாள்.

நரம்பு டாக்டர் இளம்பெண். அவரை நடக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னாள். அவரது வலது கையின் தட்டு போகப் போகச் சின்னதானது. பார்க்கின்சன்தான், நாம் நடுக்குவாதம் என்கிறோமே அதுதான், ஆரம்பக் கட்டம், மாத்திரை இருக்கிறது, நன்றாகக் கேட்கும் என்று நிதானமாகச் சொன்னாள். கவுட் இருப்பவர்கள் நடை மாறினால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள், அதனால் பலர் தாமதமாகத்தான் வருகிறார்கள் என்றும் சொன்னாள்.

“டாக்டரம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?” வீட்டுக்காரி கேட்டாள்.

“நிறைய ஆராய்ச்சி நடக்குதும்மா. யூரிக் ஆசிட் கூட இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் கம்மியா வருதுன்னு சிலதுல சொல்றாங்க. சிலதுல அப்படித் தெரியல. இன்னும் முடிவா சொல்ல முடியல.”

அவள் முகம் செத்துப் போயிற்று. “அப்ப நான் பதினெட்டு வருஷமா அதைக் குறைச்சுக் குறைச்சு வச்சேனே. ஒரு துண்டு ஈரல்கூடத் திங்க விடலையே. நானா இதை வரவழைச்சேன்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “இல்லம்மா. நீங்க குறைச்சதாலதான் வந்ததுன்னு உலகத்துல எந்த டாக்டரும் சொல்ல முடியாது. ஒரு ஆராய்ச்சில யூரிக் ஆசிட்ட வேணும்னே ஏத்திக்கூடப் பாத்தாங்க, இந்த நோய் அதுக்கு மசியல. அந்த விரல நீங்க இவ்வளவு நாள் நல்லா வச்சிருக்கீங்க. அந்த விரலுக்கான மாத்திரைய நிறுத்திடாதீங்க.”

டாக்டர் சொன்னதை மண்டை ஏற்றுக்கொண்டது, மனசு ஏற்றுக்கொள்ள நாளாகும். வெளியே மரத்தடி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் கேட்டாள்:

“நிஜத்த சொல்லுங்க. அந்த ஈரல்?”

“தொடல.”

“இறால்?”

“விருந்தே நடக்கலம்மா.”

“பீரு?”

“அது மட்டும் நினைச்சேன். குடிக்கல.”

“திங்காததத் தின்னேன்னு யாராவது சொல்வாங்களா? நான் என்னென்ன பேச்சு பேசினேன்! வாயில வந்ததெல்லாம் பேசினேனே. எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க?”

அவர் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ திட்டறப்ப அது வெறும் விரல் வலி. நீ திட்டற வரைக்கும் எனக்கு வேற ஒண்ணும் இல்லன்னு இருக்கும். ஒரு வாரம் தாங்கும். அப்புறம் பயமா இருக்கும், இன்னொண்ணு தின்னேன்னு சொல்வேன்.”

அவள் அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். இந்த மனுஷன்மேல் தனக்குப் பிரியம் இருப்பது தெரியும், இவ்வளவு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

“இனிமே எதச் சொல்லித் திட்டுவே?” என்று அவரே கேட்டார். குரலில் நிஜமாகவே கவலை இருந்தது.

“ஆறு மாசம் தனியா வச்சுக்கிட்டு இருந்தீங்களே, அதுக்குத் திட்டறேன். எந்திரிங்க.”

எழுந்து நடந்தார்கள். அவள் ஆரம்பித்தாள். கட்டின பொண்டாட்டிய ஊராளா நினைச்சீங்களா என்றாள். ரொட்டிக்கு உறை போடறத எங்கிட்டச் சொன்னா கிரீடம் இறங்கிடுமா என்றாள். எதிரே வந்த இருவர் விலகி வழிவிட்டார்கள். அவர் தலையைக் குனிந்து, ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். பேச்சை நிறுத்தாமலே அவள் அவரது வலப்பக்கம் மாறி, அசையாத கையைப் பிடித்து, தன் கையோடு சேர்த்து முன்னும் பின்னும் வீச ஆரம்பித்தாள்.

“என்னம்மா பண்றே நடுரோட்டுல?”

“பேசாம வாங்க. இன்னும் நான் திட்டி முடிக்கல.”