பக்கத்து வீட்டுச் சதுரம்

கிளாஸ்கோவில் குளிர்காலம் வந்தால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. உறைபனி வழுக்கலில் ஊரே தட்டுத் தடுமாறி நடப்பதால், எனக்கு இருட்டில் கண் சரியாகத் தெரிவதில்லை என்பது எனக்கே வெகு நாள் தெரியவில்லை. ராயப்பேட்டையில் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் ஏதாவது மாட்டின் மேல் மோதித் தெரிந்துகொண்டிருப்பேன்.

அப்பாவுக்கும் நங்கநல்லூர் அத்தைக்கும் நடுவயதிலேயே பார்வை மங்கத் தொடங்கியது. அது எனக்கும் வந்துவிட்டதா என்பதுதான் என் பயம். மரபணு மருத்துவர் ஃபியோனா பொறுமையாக விளக்கினார். கோளாறான மரபணு நேரடிச் சோதனையில் பிடிபடவில்லையாம். அதனால் குடும்பத்தார் எல்லோருடைய எச்சிலிலும் உள்ள மரபணு அடையாளங்களை ஒப்பிடுவார்களாம். கண் மங்கியவர்களிடம் மட்டும் தவறாமல் இருக்கும் அடையாளம் எதுவோ, அதன் பக்கத்தில்தான் கோளாறு குடியிருக்கும். நம் ஊரில் வீட்டு எண்ணை யார் பார்க்கிறார்கள்? டீக்கடைக்குப் பக்கத்து வீடு என்றுதானே சொல்கிறோம். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

வேறு யாருக்குக் கண் மங்கல் என்று கேட்டார். ஏழுமலை சித்தப்பாவின் நினைவு வந்தது. பொழுது சாய்ந்தால் ஆட்டோவையே தொடமாட்டார். இங்கிலீஷில் அவரை அங்கிள் என்றேன். ஆண்களைச் சதுரமாகக் குறிக்கும் குடும்ப வரைபடத்தில் அப்பாவின் சதுரத்துக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு சதுரம் விழுந்தது. சென்னையில் அவர் குழாய் நிறையத் துப்பிவிட்டு, இன்னொன்று வேண்டுமா என்றும் கேட்டாராம்.

முடிவு வந்தபோது ஃபியோனா தயங்கித் தயங்கி, அங்கிள் உங்கள் ரத்த உறவே இல்லை, குடும்பத்தில் ஏதாவது ரகசியம் உண்டா என்றார். ரகசியமெல்லாம் இல்லை, அவர் பக்கத்து வீடு என்றேன். சதுரத்தை அழித்தார். அதன் பிறகு எல்லாம் நேராகப் பொருந்தியது. அப்பா, அத்தை, நான், மூவரிடமும் அதே அடையாளம். சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தப்பாவைக் கண் மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். வெறும் கண்புரைதான். ஆபரேஷன் முடிந்து போன் செய்தார்.

"கண்ணு சூப்பரா தெரியுதும்மா. ஆனா ஒங்க குடும்பத்துலேர்ந்து என்னைத் தூக்கிட்டாங்கன்றியே, அதான் பேஜாரா கீது."

பிறகு என் கண்ணைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"ஒனக்குத் தெரியலன்னா இன்னா, எனக்குத் தெரியுதுல்ல? வந்துடு. கையப் புடிச்சி இட்டுகினு போறேன்."

விளக்குக் குறைந்த தெருக்களில் இப்போதெல்லாம் என் இடது கை தானாகப் பக்கவாட்டில் நீள்கிறது. எதிரே வருகிற வெள்ளைக்காரர் 'சாரி' சொல்லி, மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறார்.