அலமாரியில் இருந்த இருபத்திரண்டு பைகள்

போன வருடம் புரட்டாசி மாதம் நடந்தது. திருநெல்வேலி டவுணில் இருக்கிறோம். நான் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். என் மகள் அப்போது பி.பி.ஏ. இரண்டாம் வருடம்.

அவளுடைய கல்லூரியில் வணிக மன்றம் என்று ஒன்று உண்டு. மாணவர்கள் நாலு நாலு பேராகச் சேர்ந்து ஏதாவது ஒரு பொருளைச் செய்து, கல்லூரி வளாகத்தில் ஒருநாள் சந்தை போட்டு விற்க வேண்டும். வாங்குகிறவர்களின் போன் நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் கழித்து நடுவர்கள் முன்னால் மேடையேறிப் பேச வேண்டும். தேர்வாகும் மூன்று அணிகளுக்கு விடுமுறையில் கோயம்புத்தூரில் ஒரு மாதம் தொழில் பயிற்சி. அதற்குப் போயே ஆக வேண்டும் என்று மகள் சோறு தண்ணி மறந்து அலைந்தாள்.

அவள் செய்த பொருளுக்குக் காரணமே நான்தான். டவுண் பஸ்ஸில் என் சாம்பார் சாய்ந்து சேலையெல்லாம் கறையாகி வருவது வழக்கம். அதைப் பார்த்துப் பார்த்து, பாத்திரம் சாயாத சாப்பாட்டுப் பை ஒன்றை யோசித்திருந்தாள். ரதவீதி ஜவுளிக்கடைகளில் மிச்சத் துணி கேட்டு வாங்கி, சேரன்மகாதேவியில் இருக்கும் தோழியின் அம்மாவிடம் தைக்கக் கொடுத்தார்கள். முப்பது பைகள். நல்ல வண்ணத்தில் அழகாகவே இருந்தன.

பயந்தது நான்தான். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு பேச்சுப் போட்டியில் பாதியில் நின்று, மேடையை விட்டு இறங்கி வந்த பிள்ளை அவள். அன்றைக்கு அவள் முகம் இருந்த இருப்பு எனக்கு மறக்கவில்லை. சந்தையில் ஒரு பை கூட விற்காமல் போனால் என்ன ஆவாளோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில், அவளுக்கு முகம் தெரியாத அலுவலக நண்பர்களிடமும் அவர்கள் வீட்டு ஆட்களிடமும் பணத்தைக் கொடுத்து, "ஆளுக்கு ஒரு பை வாங்குங்கள், எங்கே வேலை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று சந்தைக்கு அனுப்பிவைத்தேன்.

அன்று சாயங்காலம் மகள் வாசலிலிருந்தே சத்தம் கொடுத்தாள். "எம்மா, பதினோரு மணிக்கெல்லாம் எல்லாப் பையும் தீந்துட்டு. பொறவு வந்தவங்கள இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டோம்."

நாலு தோசை சாப்பிட்டாள். எனக்கும் பூரிப்புதான். இருபத்திரண்டு பைகள் என் அலுவலக அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

எனக்குத் தெரியாமல் போனது அடுத்த கட்டம். சந்தை முடிந்து ஒரு வாரம் கழித்து, வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து பையில் என்ன குறை என்று கேட்க வேண்டுமாம். அந்தக் குறையைச் சரிசெய்து நடுவர்களிடம் காட்டுவதுதான் போட்டியே. விற்பதற்கு மதிப்பெண் கிடையாது.

மகள் கூடத்தில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, நோட்டோடு ஆரம்பித்தாள். எல்லோரும் "ரொம்ப நல்லாருக்கும்மா" என்றே சொன்னார்கள். "என்ன பாத்திரம் வச்சுக் கொண்டு போறிய?" என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். நோட்டில் ஒன்றும் ஏறவில்லை. நான் அடுப்படியில் தாளித்துக்கொண்டே ஒரு காதைக் கூடத்தில் வைத்திருந்தேன். எட்டாவதோ ஒன்பதாவதோ போன் எங்கள் அலுவலக உதவியாளருக்கு. ஓய்வு பெறப் போகிறவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவரால் தாங்க முடியவில்லை.

"தாயி, எனக்குப் பொய் சொல்ல வரல. பையெல்லாம் ஒங்கம்மா அலமாரியிலதான் அடுக்கியிருக்கு. அவியட்டயே கேட்டுக்கோ."

சட்டியில் கடுகு கருகியது. என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல், "கடையையே வாங்கிட்டியாட்டி?" என்றார். மகள் சிரிக்கவில்லை. "என்னால விக்க முடியாதுன்னு நெனச்சிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அவளோடு சேர்ந்து உழைத்த மூன்று பிள்ளைகளின் வாய்ப்பையும் கெடுத்துவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது.

நான் அனுப்பிய ஆட்கள் போக, மிச்ச எட்டுப் பையை வாங்கிய எட்டுப் பேர்தான் இனி அவர்களுக்கு நிஜமான வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவர், கல்லூரி விடுதிக்கு மீன் கொண்டுவரும் உவரிக்காரப் பெண்மணி. ரெண்டு கையிலும் சுமை இருக்கும்போது பையை எதில் பிடிப்பது, தோளில் மாட்ட வார் வேண்டாமா என்று கேட்டாராம். அது ஒன்றுதான் உருப்படியாகக் கிடைத்தது.

போட்டியன்று வர வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். வரச் சொன்னாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் அவள் பேச ஆரம்பித்து, இரண்டு தடவை பாதியில் நிறுத்தினாள். இறங்கிவிடுவாளோ என்று பாதி எழுந்தே விட்டேன்.

அவள் மைக்கைப் பிடித்து, "நாங்க முப்பது பை வித்தோம். அதுல இருபத்திரண்டு எங்கம்மா வாங்கிட்டாங்க" என்றாள்.

அரங்கமே சிரித்தது. நடுவர்களில் ஒருவர் டவுணில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். "அம்மா வந்திருக்காவளா?" என்று தேடி, எனக்கு மைக்கைக் கொடுக்கச் சொன்னார்.

"இருபத்திரண்டு பை வாங்குனியளே, ஒண்ணுலயாவது சோறு கொண்டுபோனியளா?"

"இல்ல அண்ணாச்சி."

"ஏன்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லியிருக்கலாம். மேடையிலிருந்து மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தூக்குச்சட்டி அதுல நுழையாது. பை வாய் சின்னது. மொத நாளே வச்சுப் பாத்தேன். பிள்ள மனசு நோகுமேன்னு சொல்லல."

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. ஆனால் மகள் சட்டென்று பேனாவை எடுத்தாள். அத்தனை பேர் இருப்பதையே மறந்து, வீட்டில் கேட்பது போலக் கேட்டாள். "எவ்வளவும்மா பத்தல?"

இரண்டு விரலைச் சேர்த்துத் தூக்கிக் காட்டினேன். அதை அளவாக நோட்டில் எழுதிக்கொண்டு, நடுவர்கள் பக்கம் திரும்பி, "கடையில விக்கிற டிபன் கேரியர அளந்துதான் தைச்சோம். வீட்டுல இருக்கிற பாத்திரத்த அளக்கல. தப்பு அங்கதான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் எங்கும் தடுமாறவில்லை. தோள்வார், அகல வாய் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். மூன்று அணிகளில் மூன்றாவதாக அவர்கள் பெயரை வாசித்தார்கள். நாலு பிள்ளைகளும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டதில் கண்ணாடி கீழே விழுந்து கீறிவிட்டது. இன்னும் மாற்றவில்லை.

விடுமுறையில் கோயம்புத்தூர் போய் வந்துவிட்டாள். அங்கிருந்து போனில் ஏதாவது சிக்கல் என்று சொன்னால், யாரைப் பிடித்துச் சரிசெய்யலாம் என்றுதான் என் மனது முதலில் ஓடும், பிடித்து நிறுத்துவேன். வாயை இரண்டு விரல் அகலம் கூட்டித் தைத்த புதுப் பையில்தான் இப்போது தினமும் சாப்பாடு கொண்டுபோகிறேன். டவுண் பஸ் குலுங்கும்போது சாயாமல் மடியில் நிற்கும் அதைப் பார்க்கையில், ஒளித்து ஒளித்து வாங்கிய இருபத்திரண்டு பைகள் செய்யாத உதவியை, வாய் திறந்து சொன்ன ஒரு குறை என் மகளுக்குச் செய்ததே என்று இன்றும் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருக்கிறது.