டெரிக் ஹோல்ராய்ட் நுழையாத பப்

"என்ன கண்ணு, காலேஜுக்கா?"

"ஆமா, மிஸ்டர் ஹோல்ராய்ட். நீங்க இன்னைக்கு எங்க?"

"ஸ்கிப்டன் வரைக்கும் பஸ்ஸு. அங்கருந்து ரயிலப் புடிச்சு கார்லைல். ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பப்பு இருக்காம்."

"கார்லைல்ல கோட்டைகூட இருக்கு."

"இருக்கட்டும். கோட்டைல பீர் ஊத்துறாங்களா?"

"தெரியலையே."

"பின்ன எதுக்கு அது? சரி, மால்கம் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கார்."

"என்னப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"இல்ல."

"கேக்க மாட்டான். வினிகர் வியாபாரி. அங்க பாரு, டிரைவர் கடிகாரத்தையே முறைச்சுக்கிட்டு இருக்கான். கிழவனுங்க பாஸு ஒன்பதரைக்கு மேலதான் செல்லும். கொஞ்சம் முன்னாடி ஏறினா தூக்குலயே போட்டுருவான்."

கதவு திறந்தது. ஹோல்ராய்ட் முதியோருக்கான தன் இலவசப் பயண அட்டையை ஓட்டுநரின் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு ஏறிப் போனார்.

இது கீத்லி பேருந்து நிலையத்தில் நடந்த பேச்சு. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டே வியாழன் மாலையும் வார இறுதியும் மால்கம் நடத்திய டிரோவர்ஸ் என்ற பப்பில் பீர் ஊற்றும் வேலை பார்த்தேன். ஹோல்ராய்டின் வீடு அதே தெருவில் இருந்தது. ஆனால் அந்தப் பப்புக்குள் அவர் நுழையக் கூடாது.

வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் வீடு வீடாகப் போய் வெந்நீர்க் கொதிகலன் பழுதுபார்த்தவர். ஊரிலுள்ள சமையலறைகளில் பாதியாவது அவருக்குத் தெரியும். ஊருக்கு வெளியே அனேகமாக எதுவும் தெரியாது. வேலை முடிந்தால் டிரோவர்ஸ், அங்கிருந்து வீடு. ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான்.

அதைக் கெடுத்தது ஒரு கோப்பை பீர். பீர் சரியில்லை என்றால் கோப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார்கள். முதலாளி முகத்தைச் சுளிக்காமல் வேறு ஊற்றித் தருவார். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. அது நடந்த நாளில் பீர் ஊற்றியது நான். அன்று மால்கமின் பப்புக்குக் கிடைத்த விருதுத் தகட்டைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பீர் ஆலைக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ஹோல்ராய்ட் ஒரு வாய் குடித்தார். கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மால்கம், இத வினிகருக்குப் பதிலா மீன் வறுவலுக்கு ஊத்திக்கலாம். குடிக்கத்தான் முடியாது!"

எல்லாரும் சிரித்தார்கள். கோட்டு போட்டவர்களும்.

மால்கம் சிரிக்கவில்லை. "வெளிய போ டெரிக். இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார்.

மறுவாரமே ஹோல்ராய்டின் பயணங்கள் தொடங்கின. முதலில் அது வீம்புதான்: எல்லா ஊரிலும் பீர் மால்கமுடையதைவிட மேல் என்று நிரூபிக்க வேண்டும். பிறகு அதுவே பழக்கமாயிற்று. கிடைத்த பேருந்தில் ஏறுவார். பேருந்து போகாத இடத்துக்கு ரயில். இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே பப் தேடுவார். அரைக் கோப்பை, ஒரு பொட்டலம் உருளை வறுவல், திரும்பும் வண்டி. எந்த ஊரிலும் மாதா கோயிலுக்குள் போனதில்லை. யார்க் நகரம் அவருக்கு நல்ல நாற்காலி. லான்காஸ்டரில் பீர் பரவாயில்லை, கணப்பில் விறகுக்குப் பதிலாக மெழுகுவர்த்தி வைத்திருந்தது மட்டும் பிடிக்கவில்லை. அக்ரிங்டனில் யாரோ ஒரு கிழவர் இவரைத் தன் பழைய நண்பர் என்று நினைத்துப் பீர் வாங்கித் தந்தார். இவர் மறுக்காமல் குடித்துவிட்டு, அந்த நண்பரின் மனைவியுடைய உடல்நலம் பற்றிக்கூடப் பதில் சொல்லியிருக்கிறார்.

ஹோல்ராய்டின் மனைவி க்ளெனிஸ் வியாழக்கிழமை வினாடி வினாவுக்கு டிரோவர்ஸ் வருவதை நிறுத்தவில்லை. "தடை அந்தக் கிழத்துக்குத்தானே, எனக்கென்ன?" என்பார். ஹோல்ராய்ட் இல்லாததால் அவர்கள் குழு அடிக்கடி ஜெயித்தது.

இந்த ஏற்பாடு யாருக்கும் பெரிய தொந்தரவாக இல்லை, ஹோல்ராய்ட் தம்பதியின் திருமணப் பொன்விழா வரும்வரை. க்ளெனிஸ் டிரோவர்ஸ் மாடி அறையைப் பதிவு செய்துவிட்டார். கல்யாண விருந்து நடந்தது அங்கேதான். வேறு இடம் என்ற பேச்சுக்கே அவர் இடம் தரவில்லை.

"அவர் வருவாரா, மிஸஸ் ஹோல்ராய்ட்?" என்று கேட்டேன்.

"மன்னிப்புக் கேட்டா வரலாம். கேக்கலேன்னா கேக்கு கொஞ்சம் மிச்சமாகும்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

நடுவில் தூது போனது நான். மால்கம் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் அல்ல. "எல்லாரும் பாக்க ஒரு வார்த்த, மன்னிச்சுக்கன்னு சொல்லச் சொல்லும்மா. அன்னைக்கு அவன் குடிக்கிறதெல்லாம் என் செலவு" என்றார்.

அதை ஹோல்ராய்டிடம் சொன்னேன்.

"பீர் புளிச்சிருந்துச்சா, இல்லையா? மொதல்ல அவன் அதச் சொல்லட்டும். நீதானே ஊத்தின, உனக்குத் தெரியாதா?"

"நான் குடிக்கிறதில்லையே."

"நல்லதாப் போச்சு. ஊர்ல ஒருத்தராவது நடுநிலையா இருக்கணும்."

"மிஸஸ் ஹோல்ராய்டுக்கு வருத்தமா இருக்காதா?"

அவர் ரயில் அட்டவணையைப் பார்ப்பதுபோல அண்ணாந்து நின்றார். அது பேருந்து நிலையம். அங்கே ரயில் அட்டவணை கிடையாது.

விழா ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அவர் பேருந்து நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தார். அன்று எந்த ஊருக்குப் போகிறார் என்று சொல்லவில்லை.

"கேக்கு எப்ப வெட்டுறாங்க?"

"மூணு மணிக்கு."

"பிராட்ஃபோர்டு பஸ்ஸு ஏறக்குறைய அப்பத்தான் வரும். மாடி பஸ்ஸு. டிரோவர்ஸ் வாசல்லயே நிக்கும். நேத்து ஏறிப் பாத்தேன். மேல இடப்பக்கம் உக்காந்தா அந்த அறை ஜன்னல் மூஞ்சிக்கு நேரா வருது."

"உள்ளயே வந்துடலாமே, மிஸ்டர் ஹோல்ராய்ட்."

"அத விடு கண்ணு. எனக்கு ஒரு உதவி பண்ணு. அன்னைக்கு வெயில் அடிக்குது, கூசுதுன்னு யார் சொன்னாலும் தெருப்பக்கத் திரைய மூட விடாத. கேக்கு மேசைய அந்த ஜன்னலோரமாப் போடு. க்ளெனிஸ தெருவப் பாத்தாப்புல நிக்க வை. ஏன்னு அவகிட்ட சொல்லாத. பஸ்ஸு ரொம்ப நேரம் நிக்காது."