கடிதத்தில் வராத சொல்

கல்முனை நீதிமன்றத்துக்கு எதிரே லப்டொப்பில் ஆங்கிலக் கடிதம் அடித்துக் கொடுப்பவர் அவர். வெள்ளைத் தொப்பி, நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லாரும் அவரைக் 'காக்கா' என்போம். எந்தச் சொல்லையும் தாராளமாகப் போடுவார், 'நொலெஜபிளி'யைத் தவிர. விஷயம் அறிந்து பேசுவதைச் சொல்கிற சொல்லாம். அதை மட்டும் கேள்வி கேட்டுப் பார்த்துத்தான் போடுவார்.

துபாயில் மீன் குளிரறை வேலைக்கு எனக்குக் கடிதம் வேண்டியிருந்தது. ஒலுவில் துறைமுகத்தில் மூன்று வருஷம் ஐஸ் விற்றவன் நான்.

"ஐஸ் போட்ட பாரை மீன் எத்தின நாள் தாங்கும், தம்பி?"

"பத்து நாள், காக்கா!" என்று தொடங்கி நீளமாகக் கதைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அடித்தார். வாசித்தேன். 'துணிவாகப் பேசுபவர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"அந்தச் சொல் எங்க காக்கா?"

"நீங்க கதைச்சதுக்கு இதுதான் தம்பி சொல்."

எனக்குப் பின்னால் நின்ற மீன்காரரும் அதே வேலைக்குத்தான் வந்திருந்தார். அவரிடமும் அதே கேள்வி.

"எப்ப புடிச்ச மீன் எண்டு தெரியாமச் சொல்லேலா காக்கா."

அவருக்கு உடனே அந்தச் சொல்லை அடித்தார்.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. துபாய்க்கு வந்து இரண்டு வருஷம். மீனைப் பற்றி இங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால், எப்போது பிடித்தது என்று முதலில் கேட்பதாக இருக்கிறேன்.