கத்தரிக் கொல்லைக்கு ஊசி போட்ட கதை

கத்தரிக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்ட முதல் வருஷம், என் ஓரகத்தி வரப்பில் நின்று சிரித்தார். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி அவர். அடுத்த கொல்லை அவர்களுடையது.

"என்னடி இது, கைப்புள்ளைக்கு மருந்து ஊத்துற மாதிரி சொட்டுச் சொட்டா வுடுற? செடி நாக்கு வறண்டு சாவப் போவுது."

"சாவாதுக்கா, பாத்துக்கிட்டே இரு" என்றேன் வீறாப்பாக.

பூ வைக்கிற நேரம் பார்த்து நடுப் பாத்திகளில் செடிகள் தலை தொங்கின. குழாயைத் தூக்கிப் பார்த்தால், சொட்டுகிற துளைகளை வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. அரியலூர்ப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்திலேயே அடை கட்டும். குழாயை மட்டும் விட்டுவிடுமா?

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ஒவ்வொரு துளையாகக் குத்திக்கொண்டே நகர்ந்தேன். ஒரு பாத்தி முடிவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அக்கா வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார்; தன் ஊக்கைக் கழற்றிக்கொண்டு பக்கத்துப் பாத்தியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னா பாக்குற? குத்து. வெயில் ஏறுது."

மதியம் மோட்டாரைப் போட்டோம். சொட்டவா செய்தது? குத்தின இடமெல்லாம் பீய்ச்சி அடித்தது. ஒன்று நேராக அக்காவின் முகத்துக்கே.

"அடிப்பாவி, எனக்கில்ல தண்ணி பாச்சுற!" என்று அவர் கத்த, மோட்டாரை நிறுத்தக்கூடத் தோன்றாமல் இரண்டு பேரும் நனைந்தபடி சிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் குழாய் போட்டுக் கொடுத்தவர் வந்து குனிந்து பார்த்தார். "யாரும்மா இத்தன ஓட்ட போட்டது?"

நான் அக்காவைக் காட்டினேன். அக்கா என்னைக் காட்டினார்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு, கிழிந்த இடங்களை வெட்டி ஒட்டுப் போட்டார். பிறகு ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து குழாய்க்குள் விட்டு, ஒரு நாள் ஊறவைத்துக் கடைசி மூடிகளைத் திறந்துவிட்டார். முதலில் பால் போல வந்த தண்ணீர், கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. அந்த வாரமே செடிகள் நிமிர்ந்துகொண்டன.

முதல் பறிப்பில் ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொட்டுநீருக்கு மானியம் குடுக்குற ஆபீஸுக்கு எப்ப போவணும்? எனக்கும் எழுதிக் குடுத்துடு. சிட்டா, ஆதாரெல்லாம் எடுத்து வச்சிட்டேன்" என்றார்.

சேர்ந்தே பஸ் ஏறிப் போனோம். தோட்டக்கலை ஆபீஸில் இருந்த சார், "உங்க பக்கம் தண்ணி எப்படிம்மா?" என்று கேட்டார்.

"சுண்ணாம்புத் தண்ணிதான் சார். அடைச்சா ஆசிட் வுட்டுக் கழுவணும். ஊக்க வச்சி மட்டும் குத்தவே கூடாது" என்றார் அக்கா, பத்து வருஷம் சொட்டுநீரில் வெள்ளாமை செய்தவர் போல.